பின்வாசல் கணக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. 2021 வரை அதற்குப் பெயர் கிடையாது. "பின்னாடி போட்டுடு" என்றால் எல்லோருக்கும் புரியும். வாடிக்கையாளர் இடத்திலிருந்து கழற்றி வந்த பழைய மிஷின்கள் அங்கே மழையிலும் வெயிலிலும் கிடக்கும். மாதத்துக்கு ஒருமுறை காயலான் கடைக்காரர் தராசோடு வருவார். எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர் தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று எடை போட்டு, காசை எண்ணிக் கேஷியரிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

நாங்கள் செய்வது ஆர்.ஓ. தண்ணீர் மிஷின்கள். வீட்டில் மாட்டும் சின்ன மிஷின் இல்லை. ஹாஸ்டல், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், அலுவலகம் மாதிரியான இடங்களுக்கு மணிக்கு 250 லிட்டரிலிருந்து 1000 லிட்டர் வரை வடிகட்டுகிற மிஷின். அறுபது பேர் வேலை செய்யும் குடும்ப நிறுவனம். நான் கணக்குப் பிரிவில் சேர்ந்து, ஸ்டோர்ஸுக்குப் போய், பிறகு மொத்த நிர்வாகத்தையும் பார்க்க வந்தவள்.

2019 கோடை எங்களுக்குப் பெரிய வியாபாரம் கொடுத்தது. அதைச் சொல்ல இப்போதும் மனசு கூசுகிறது, ஏனென்றால் ஊரே தண்ணீருக்குத் தவித்த வருஷம் அது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து இறங்கியது. லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையும் நம்பிய ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஹாஸ்டல்கள் எல்லாம் மிஷின் வாங்கின. அடுத்த வருஷம் மார்ச்சில் ஊரடங்கு. ஹாஸ்டல்கள் காலி. 2021 தொடக்கத்தில், "இடத்தைக் காலி பண்றோம், மிஷினை எடுத்துக்கறீங்களா?" என்று போன் மேல் போன். எடுத்துவந்து பின்னால் போட்டோம்.

அந்த பிப்ரவரியில் ஒரு நாள் காயலான் கடைக்காரர் ஒரு ஹை பிரஷர் பம்பைத் தராசில் ஏற்றாமல் ஓரமாக எடுத்து வைப்பதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். "இது நல்லா ஓடும் மேடம். மோட்டார் கடைல தனியா கேப்பாங்க. எடைக்குப் போட்டா பாவம். உங்களுக்கு வேணா ரேட்டு சேத்துத் தரேன்" என்றார். அன்று மாலை ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அந்தப் பம்பை நாங்கள் வாங்கிப் பதினாறு மாதம்கூட ஆகவில்லை. அதே வாரம் அதே மாடல் பம்புகளுக்குப் புது ஆர்டர் போட்டிருந்தோம். நம் பொருளின் மதிப்பு நம்மைவிட அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல்லை நான் அதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி பிளாஸ்டிக் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது உருக்குவது கடைசிப் படி என்று தெரிந்தது. பொருளைப் பழுது பார்த்து ஓட வைப்பது முதல் படி. கழற்றிப் புதுப்பித்து வேறு இடத்தில் வைப்பது அடுத்தது. அதுவும் முடியாதபோது உதிரிபாகம் எடுப்பது. அதற்கும் பிறகுதான் எடைக்குப் போடுவது. நாங்கள் நேராகக் கடைசிப் படிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பழுது பார்க்கத் தெரியாததால் இல்லை. நம்மிடம் சர்வீஸ் ஆட்கள் இருபது பேர் இருக்கிறார்கள். திரும்பி வருகிற பொருளுக்கு நிறுவனத்தில் ஓர் ஆள் இல்லை, ஓர் இடம் இல்லை, ஒரு கணக்கு இல்லை. வெளியே போகிற பொருளுக்கு மூன்றும் உண்டு.

இதைக் கூட்டத்தில் பேச வைத்தபோது முதலாளியின் மகன், பின்னால் ரோல்ஸ் ராய்ஸோடு சேர்ந்த பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962-லேயே விமான எஞ்சினை ஓடிய மணி நேரத்துக்குக் காசு வாங்கும் முறையில் கொடுத்ததைச் சொன்னார். முதலாளியான பெரியவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அயனாவரத்துல எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே இருந்ததே அந்தக் கடை" என்றார். வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணத்துக்கு அண்டா, குண்டா, கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் அங்கேதான். சின்னப் பையனாக இருந்தபோது அங்கே எண்ணுகிற வேலை பார்த்திருக்கிறார். "ஒவ்வொரு அண்டாவுலயும் கடைப் பேரு வெட்டியிருக்கும். அட்வான்ஸ் வாங்காம ஒரு கரண்டி வெளிய போகாது. திரும்பி வந்த அன்னிக்கே எண்ணிடணும், மறுநாள்னா சண்டைதான். ஈயம் போனதை அன்னிக்கே தனியா வெச்சுடணும்."

பெயர் வெட்டு, அட்வான்ஸ், வந்த அன்றே எண்ணு, பழுதை அன்றே பிரி. பெரியவர் சொன்ன இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். பின்னால் எத்தனையோ புத்தகங்கள் படித்தாகிவிட்டது. எங்கள் இடத்துக்குப் பொருந்தியதில் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே இருந்தது.

முதல் மூன்று மாதம் கொட்டகைக்கே போனது. கூரையை மாற்றி, தரையை உயர்த்தி, வெளிச்சம் போட்டோம். எந்த மிஷின் வந்தாலும் வந்த அன்றே நம்பர் பார்த்து, என்ன நிலை என்று ஒரு அட்டையில் எழுத வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்று ஸ்டோர்ஸ் அண்ணன் முணுமுணுத்தார். அதற்குப் பதில் மெம்பரேன் வடிவத்தில் வந்தது. ஆர்.ஓ. மிஷினில் விலை அதிகமான பாகம், தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வான இந்த மெம்பரேன்தான். அது ஒருமுறை நனைந்த பிறகு காயக் கூடாது. காய்ந்தால் தண்ணீர் விடும் திறன் போய்விடும். நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் ஒரு சதவீதம் சோடியம் மெட்டா பை சல்பைட் கரைசலில் ஊறப்போட்டு மூடி வைக்க வேண்டும். இது எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் பாடமாகத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் இடத்தில்தான் அதைச் செய்வார்கள். கொட்டகைக்கு வந்ததைச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை. ஊரடங்கு மிஷின்களில் இருந்த மெம்பரேன்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. அதன்பின் வைத்த விதி: மிஷின் வண்டியிலிருந்து இறங்கி நான்கு மணி நேரத்துக்குள் மெம்பரேன் ஊற வேண்டும். உங்கள் தொழிலில் அது வேறு ஏதாவதாக இருக்கும். ஈரம் பட்டால் கெடும் பலகையோ, துருப்பிடிக்கும் வார்ப்போ. திரும்பி வரும் பொருளில் எது முதலில் செத்துப்போகும் என்று கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அடுத்தது கணக்கு. கழற்றித் துடைத்து, பேரிங் மாற்றி, ஓட்டிப் பார்த்து ராக்கில் வைத்த பம்புகள் அடிக்கடி காணாமல் போயின. திருட்டு என்று முதலில் சந்தேகப்பட்டேன். அப்படி இல்லை. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போனார்கள், எங்கே மாட்டினார்கள் என்று எழுதவில்லை. காரணம் எளிது. எங்கள் கணினியில் அந்தப் பம்பின் விலை பூஜ்யம். பூஜ்ய ரூபாய்ப் பொருளை யாரும் பூட்டி வைப்பதில்லை, கேட்டு வாங்குவதில்லை, கையெழுத்துப் போடுவதில்லை. ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசி, புதுப்பித்த பாகத்துக்கு அதற்குச் செலவான கூலியையும் உதிரியையும் சேர்த்து ஒரு விலை வைத்தோம். விலை வந்ததும் அது சரக்காகிவிட்டது. மாதக் கடைசியில் எண்ணிக்கைக்கு வந்தது. எண்ணிக்கைக்கு வந்ததும் காணாமல் போவது நின்றது.

அதே சமயம் பர்சேஸ் மேலாளரோடு எனக்குப் பெரிய உரசல். அவரை நாங்கள் மதிப்பிட்டதே மொத்தமாக வாங்கி எவ்வளவு தள்ளுபடி வாங்கினார் என்பதை வைத்துத்தான். அவர் ஒரு லாட் பம்பு வாங்கினார், விலை குறைவு. ஆனால் மேல் மூடியை ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள். பழுதானால் திறக்க முடியாது. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். நாங்கள் கேட்ட கேள்வி தவறு. இப்போது பம்பு வாங்கும்போது ஒரே ஒரு எண்ணைப் பார்க்கிறோம்: ஓடிய ஒரு மாதத்துக்கு எவ்வளவு செலவு. வாங்கிய விலை, பழுது பார்த்த செலவு எல்லாம் அதற்குள் அடக்கம். திறக்க முடியாத பம்பு அந்தக் கணக்கில் தானாகவே தோற்றுவிடும்.

இனி நான் செய்த பெரிய தவறைச் சொல்கிறேன். இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

2022 ஏப்ரலில் வாடகைத் திட்டம் தொடங்கினோம். மிஷின் எங்களுடையது. வாடிக்கையாளர் மூன்று மாத அட்வான்ஸும் மாத வாடகையும் தருவார். சர்வீஸ், ஃபில்டர், மெம்பரேன் எல்லாம் எங்கள் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் மெம்பரேன் நீண்ட நாள் உழைத்தால் லாபம் எங்களுக்கு. காகிதத்தில் அழகாக இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வாடகை மிஷின்களில் மெம்பரேன் செலவு, விற்ற மிஷின்களில் ஆனதற்குக் கொஞ்சமும் குறையவில்லை. கழற்றி வந்த மெம்பரேன்களைச் சோதனை மேடையில் மாட்டினோம். பாதிக்கு மேல், சிட்ரிக் அமிலக் கரைசலை ஓட்டிச் சுண்ணாம்பு உப்பைக் கரைத்ததும் பழைய ஓட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. பிறகு ஏன் மாற்றினார்கள்?

எங்கள் சர்வீஸ் ஆட்களுக்குச் சம்பளம் குறைவு. மாற்றும் பாகத்தின் பில்லில் ஐந்து சதவீதம் கமிஷன். பத்துப் பதினைந்து வருஷமாக அதை வைத்துத்தான் வீட்டு வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் கட்டுகிறார்கள். வாடகை மிஷினுக்கும் அதே கமிஷனை நாங்கள் விட்டுவைத்திருந்தோம். கழுவி ஓட்டினால் மூன்று மணி நேரம் உழைப்பு, கையில் எதுவும் இல்லை. மாற்றினால் இருபது நிமிஷம், கையில் அறுநூறு ரூபாய். எந்த மனிதனும் என்ன செய்வானோ அதைத்தான் செய்தார்கள்.

இதைப் புரிந்துகொண்ட வேகத்தில் ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இன்று முதல் வாடகை மிஷினுக்குப் பாகக் கமிஷன் கிடையாது, புது முறை வரும்" என்று அறிவித்துவிட்டேன். புது முறை என்ன என்று எனக்கே அப்போது முழுசாகத் தெரியாது. அன்று மதியத்திலிருந்து ஒருவரும் போன் எடுக்கவில்லை. இரண்டு நாள். பள்ளிக்கரணையில் ஒரு ஹாஸ்டலில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் நாள் மூத்த டெக்னீஷியன் ஒருவர் வந்து என் முன்னால் நின்றார். "மேடம், மெம்பரேனைக் கழுவ எங்களுக்குத் தெரியாதா? நீங்க கேக்கவே இல்லியே. வீட்ல என்ன பதில் சொல்றதுன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க கழுவறோம்." மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு அவர்களையே உட்கார வைத்துப் போட்ட முறை இது. ஒவ்வொருவர் பொறுப்பிலும் இத்தனை மிஷின். புகார் வராமல், தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) குறித்த அளவுக்குள் ஓடிய ஒவ்வொரு மிஷினுக்கும் மாதம் ஒரு தொகை. மெம்பரேனைக் கழுவினால் அதற்குத் தனிக் கூலி. முதல் ஆறு மாதம், போன வருஷம் வாங்கிய கமிஷனின் சராசரிக்குக் கீழே யாருடைய வருமானமும் போகாது என்று எழுதிக் கொடுத்தோம். அந்த எழுத்து இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஒருவர் மட்டும் விலகித் தனியாகக் கடை போட்டார். மற்றவர்கள் இருந்தார்கள். அடுத்த வருஷம் வாடகை மிஷின்களில் மெம்பரேன் வாங்குவது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. ஓட்டம் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும்போதே கழுவிவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் உப்பு இறுகிவிடும் என்பதை என்னிடம் யாரும் சொல்லத் தேவையில்லாமல் அவர்களே மாத அட்டையில் ஓட்டத்தை எழுத ஆரம்பித்தார்கள்.

விற்பனை ஆட்களுக்கும் இதே நோய்தான், மருந்து வேறு. மிஷின் விற்றால் உடனே கமிஷன், வாடகைக்கு விட்டால் சொட்டுச் சொட்டாக. பாதியை ஒப்பந்தம் போட்ட அன்றும் மீதியை ஒப்பந்தம் புதுப்பிக்கும் அன்றும் கொடுக்கிறோம். சுமாராக நடக்கிறது.

பணம் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் விழுந்து எழுந்தோம். ஒரு மிஷினை விற்றால் போட்ட காசு அந்த மாதமே திரும்பிவிடும். வாடகைக்கு விட்டால் எங்கள் கணக்கில் சுமார் இருபது மாதம். முதல் வருஷம் ஆசையில் புது மிஷின்களையே வாடகைக்கு விட்டோம். அக்டோபரில் தீபாவளி போனஸ் கொடுக்கக் கையில் பணம் இல்லை. வங்கியில் கேட்டால், வெளியே ஐம்பது இடங்களில் நிற்கும் மிஷின்களை அடமானமாக எடுக்க மேலாளருக்கு மனசு வரவில்லை. பெரியவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துதான் அந்தத் தீபாவளி நடந்தது. அதன்பின் வரிசையை மாற்றினோம். வாடகைக்கு முதலில் போவது புதுப்பித்த மிஷின். அதில் எங்கள் காசு குறைவாகவே முடங்குகிறது, இருபது மாதம் எட்டு ஒன்பது மாதமாகிவிடுகிறது. புதுசு விற்பனைக்கு. திரும்பப் பெறுவதையும் புதுப்பிப்பதையும் ஒரு வருஷம் உருப்படியாகச் செய்த பிறகே வாடகையைத் தொட வேண்டும் என்று யாராவது எனக்கு 2021-ல் சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

புதுப்பித்த மிஷினை வாடிக்கையாளரிடம் கொண்டுபோனபோது வந்த தடை விலை பற்றியது இல்லை. சோழிங்கநல்லூரில் ஹாஸ்டல் நடத்தும் ஓர் அம்மா முகத்தைச் சுளித்தார். "யாரு வீட்டுத் தண்ணி ஓடின மிஷினோ, பொண்ணுங்களுக்கு எப்படிம்மா குடுக்கறது?" குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் இந்தக் கூச்சம் ஆழமானது, அதை விளம்பரத்தால் அடக்கப் பார்ப்பது தப்பு. மறுவாரம் அவரைப் பட்டறைக்கே கூட்டிவந்தேன். மெம்பரேனைத் தாண்டி வரும் சுத்தமான தண்ணீர் படுகிற குழாய், கார்பன், யு.வி. குழல், டேப்பு அத்தனையும் எப்போதும் புதுசு. பழசாக இருப்பது மிஷினைத் தாங்கும் சட்டம், மோட்டார், பம்பு, முன்வடிகட்டித் தொட்டி. அதை அவர் கண்முன்னாலேயே கழற்றிக் காட்டினோம். எல்லாம் பார்த்துவிட்டு அவர், "அப்போ ஈயம் பூசின பாத்திரம்னு சொல்லுங்க" என்றார். நாங்கள் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த சொல் அது. இப்போதும் எங்கள் ஆட்கள் வாடிக்கையாளரிடம் அப்படித்தான் சொல்கிறார்கள். புதுசு என்று ஒருபோதும் சொல்வதில்லை. மிஷினோடு அதன் அட்டையும் போகிறது: எந்த வருஷம் செய்தது, எத்தனை இடத்தில் ஓடியது, என்னென்ன மாற்றியது.

சர்வீஸ் அறைக்கும் வடிவமைப்பு மேசைக்கும் நடுவே இருந்த சுவரும் இந்தச் சமயத்தில்தான் உடைந்தது. எங்கள் பி.வி.சி. குழாய்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். கழற்ற வேண்டுமானால் ரம்பம்தான். ஒரு மிஷினைப் பிரிக்கும் நேரத்தில் பெரும்பகுதி குழாய் அறுப்பதற்கே போயிற்று, அறுத்த குழாயும் வீண். முக்கியமான ஐந்து இடங்களில் கழற்றி மாட்டும் யூனியன் வைத்தோம். மிஷினுக்குச் செலவு கொஞ்சம் கூடியது. பிரிக்கும் நேரம் பாதிக்கும் கீழே வந்தது. இப்போது எந்தப் புது மாடலானாலும், வரைபடத்தில் ஒரு மூத்த டெக்னீஷியன் கையெழுத்துப் போடாமல் உற்பத்திக்குப் போகாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். டிசம்பர் 4 அன்று எங்கள் பட்டறையிலேயே முழங்கால் தண்ணீர். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தரைத்தளத்தில் இருந்த மிஷின்கள் முழுசாக மூழ்கின. தண்ணீர் வடிந்த வாரம் நாற்பதுக்கும் மேல் கொட்டகைக்கு வந்தன. பழைய நாளாக இருந்தால் அத்தனையும் தராசுக்குப் போயிருக்கும். இம்முறை வரிசை இருந்தது. மின் பலகையை முழுசாக மாற்று. மோட்டாரைப் பிரித்து, காயவைத்து, பேரிங் மாற்றி, மெக்கர் மீட்டர் வைத்து மின்கசிவு இல்லாமல் இன்சுலேஷன் இருக்கிறதா என்று பார், தேறாததைக் கம்பிச் சுருள் மாற்ற வைண்டிங்குக்கு அனுப்பு. எஸ்.எஸ். சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சேறு கழுவினால் போதும். ஆட்கள் இரண்டு ஷிஃப்டில் நின்றார்கள், அவர்களில் சிலர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. பொங்கலுக்குள் முக்கால்வாசி மிஷின்கள் திரும்ப ஓடின.

அந்த வெள்ளத்தில் எனக்கு உறைத்தது இன்னொன்று. மிஷின் எங்களுடையது என்றால் வெள்ளமும் எங்களுடையது. காப்பீட்டுப் பத்திரத்தில் அம்பத்தூர் முகவரி மட்டுமே இருந்தது. வாடிக்கையாளர் இடத்தில் நின்ற எங்கள் மிஷின்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. விற்பதிலிருந்து வாடகைக்கு மாறும் யாராக இருந்தாலும், முதல் மிஷின் வெளியே போகும் முன் காப்பீட்டாளரோடு உட்கார்ந்து, வெளியிடங்களில் இருக்கும் சொத்தையும் சேர்த்து எழுதுங்கள். இப்போது தாழ்வான பகுதிகளில் மின் பலகையையும் மோட்டாரையும் நெஞ்சு உயரத்தில்தான் மாட்டுகிறோம்.

2024 மே மாதம் இந்த மாற்றத்துக்கென்றே சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 59004, 59010, 59020 தரநிலைகள் வெளியாயின. வியாபார முறையை மாற்றுவது பற்றி 59010, அளப்பது பற்றி 59020. அதற்கு முன்னோடியாகப் பிரிட்டனில் 2017-லேயே பி.எஸ். 8001 வந்திருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு முழுதும் பின்பற்றுவது பாரம்தான். ஆனால் 59010 ஒரு விஷயத்தை முன்னால் வைக்கிறது: உன் நிறுவனத்தை மட்டும் பார்க்காதே, பொருள் யார் யார் கைமாறிப் போகிறது என்று முழுச் சங்கிலியையும் வரைந்து பார். வரைந்தோம். அந்தப் படத்தில் எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் வைண்டிங் கடைக்கும் நடுவில், நான் மூன்று வருஷமாக மறந்துபோயிருந்த ஒருவர் இருந்தார்.

காயலான் கடைக்காரர். நாங்கள் கொட்டகையைச் சீர்படுத்தியதும் அவருக்கு எங்களிடமிருந்து வந்துகொண்டிருந்த எடை மளமளவென்று குறைந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1-இலிருந்து புதிய மின்கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்ததால் மின் பலகை, பாதரசம் உள்ள யு.வி. விளக்கு எல்லாம் பதிவு பெற்ற நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு முதல் பாடம் சொன்ன ஆளின் வருமானத்தைத்தான் நாங்கள் குறைத்திருந்தோம். அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். அம்பத்தூர், பாடி, கொரட்டூர் சுற்றி அவருக்குத் தெரியாத கடை இல்லை. எங்கள் பெயர் வெட்டிய மிஷின் எந்தக் கடையில் எடைக்கு வந்தாலும் அவர் போன் செய்வார். எடை விலைக்கு மேல் அவருக்கு ஒரு தொகை, கொடுத்த கடைக்கும் ஒரு தொகை. விற்றுப்போன மிஷின்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்று எங்களுக்குத் தெரிய வேறு வழியே இல்லை. இப்போது மாதம் நாலைந்து மிஷின் அவர் வழியாக வருகிறது.

தீராததும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மண் அடைத்த ஸ்பன் ஃபில்டர்களை யாரும் வாங்குவதில்லை. அவை சிமென்ட் ஆலை எரிபொருளாகத்தான் போகின்றன. மெம்பரேன் என்பது பல வகைப் பிளாஸ்டிக் அடுக்குகளைப் பசையால் ஒட்டிச் சுருட்டியது. பிரித்தெடுத்து உருக்க இங்கே எனக்கு வழி கிடைக்கவில்லை. குடிநீருக்குத் தகுதி இழந்த சிலவற்றை வண்டி கழுவும் நிலையங்களுக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிற ஊர். கொடுங்கையூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் எங்கள் ஃபில்டர்களும் ஒரு காலத்தில் அந்த மேட்டுக்குள் போயிருக்கும் என்பது நினைவுக்கு வரும்.

போன வாரம் காயலான் கடைக்காரர் போன் செய்தார். "மேடம், பாடில ஒரு கடைல உங்க மிஷின் ஒண்ணு. ரொம்பப் பழசு." போய்ப் பார்த்தேன். சட்டத்தில் வெட்டியிருந்த நம்பர் 2009-ஐச் சேர்ந்தது, நான் ஸ்டோர்ஸில் இருந்தபோது வெளியே போனது. பம்பு எங்களுடையது இல்லை, யாரோ மாற்றியிருக்கிறார்கள், அதுவும் இரண்டு முறை என்று போல்ட் தேய்ந்திருந்த விதத்தில் எங்கள் டெக்னீஷியன் சொன்னார். வண்டியில் ஏற்றினோம். அன்று மாலை நான்கு மணிக்கு அதன் மெம்பரேன் ஊறல் தொட்டிக்குள் இருந்தது. தேறுமா என்று நாளை ஓட்டிப் பார்த்தால் தெரியும்.